நாடி தொலைந்த கை

ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பது நின்றுகொண்டு செய்கிற வேலை அல்ல. தட்டையின் அடியிலிருந்து கிளம்பி மண்ணை ஒட்டிச் சரம் படர்ந்திருக்கும். பெண்கள் தூரடியில் குந்தி, ஒரு கையால் சரத்தைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் பழுத்த காயை மட்டும் விரல்நுனியால் கிள்ளி எடுப்பார்கள். போடிநாயக்கனூரில் விடியுமுன் ஜீப் ஏறி, முந்தல் தாண்டி, போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கேரள எல்லைக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டங்களில் இந்த வேலையைப் பார்த்துவிட்டு மாலையில் ஊர் திரும்புகிறவர்கள் ஏராளம். கைவலி, இடுப்புவலி, முட்டிவலி இல்லாத ஒருத்தியை அந்த ஜீப்புகளில் தேடிப் பிடிப்பது கடினம்.

வலி எல்லோருக்கும் பொதுவாகிவிட்ட இடத்தில், நோயாக வரும் வலி சுலபமாக ஒளிந்துகொள்ளும். இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். மருத்துவ நூல்கள் சொல்லும் அறிகுறிகளை அந்த மலைச்சரிவில் வைத்துப் பார்ப்பதற்காக மட்டுமே இவள். சில மாதங்களாக உடம்பு கதகதவென்று இருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, எடை குறைந்திருக்கிறது. கொஞ்ச நேரம் சரம் பிடித்தால் இடது கை ஓய்ந்துபோகிறது. கையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. மறுபடி பிடித்தால் மறுபடி ஓய்கிறது.

துப்பு இந்தக் கடைசி விவரத்தில்தான் இருக்கிறது. மூட்டு வலியோ தசைப்பிடிப்போ இப்படிக் கணக்காக வந்து போகாது. ராத்திரி படுத்தாலும் கூடவே இருக்கும். உழைக்கும்போது வந்து ஓய்வில் மறைவது இரத்தம் போதாத தசையின் வலி. வயதானவர்களுக்கு, அதிலும் பீடி சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்கு, நடக்கும்போது கெண்டைக்காலில் வருவது இதே வகைதான். இருபத்தைந்து வயதுப் பெண்ணின் கையில் அது வந்தால் கொழுப்பு அடைப்பை நினைப்பதற்கு முன் பெரிய இரத்தக் குழாய்களின் அழற்சியை நினைக்க வேண்டும். அதற்கு மருத்துவ உலகம் வைத்திருக்கும் பெயர் தகயாசு தமனி அழற்சி.

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி மார்புக்குள் வளைந்து, முதுகெலும்பை ஒட்டி வயிற்றுக்குள் இறங்குகிறது. வளைவிலிருந்து கழுத்துக்கும் கைகளுக்கும், வயிற்றில் குடலுக்கும் சிறுநீரகங்களுக்கும், கடைசியில் கால்களுக்கும் கிளைகள் பிரிகின்றன. தகயாசு நோய் இந்த மூலக்குழாயையும் கிளைகள் பிரியும் வாயையும்தான் முக்கியமாகப் பிடிக்கிறது. தேனி மாவட்டத்து விவசாயிக்கு இதை விளக்குவது சுலபம்: கடைமடை காய்ந்தால் அவர் கடைமடையைத் தோண்டிக்கொண்டிருக்க மாட்டார், தலைமடையில் போய்ப் பார்ப்பார். ஓய்ந்துபோகிற கையில் எதுவும் கெடவில்லை. கெட்டது காறை எலும்புக்குக் கீழே, கைக்கான கிளை பிரிகிற இடத்தில்.

கெடுவது எப்படி? பெரிய தமனியின் சுவர் தடிமனானது. உள்ளே ஓடும் இரத்தம் சுவர் முழுவதற்கும் உணவூட்டப் போதாது. வெளி அடுக்கில் அதற்கென்றே நுண்குழாய்கள் உண்டு. நோயெதிர்ப்பு அணுக்கள் அந்த நுண்குழாய்கள் வழியாக வெளிப்புறத்திலிருந்து சுவருக்குள் நுழைகின்றன. நடு அடுக்கின் மீள்நார்கள் அறுந்துபோகின்றன; உள் அடுக்கு காயம் ஆறுவதுபோலத் தடித்து வளர்ந்து வழியைக் குறுக்குகிறது. பெரும்பாலானவர்களுக்குக் குழாய் குறுகுகிறது; சிலருக்குச் சுவர் வலுவிழந்து பலூன்போலப் புடைக்கிறது. ஏன் தொடங்குகிறது என்பதற்கு முழு விடை கிடைக்கவில்லை. எச்.எல்.ஏ. பி52 என்ற மரபணு வகை உள்ளவர்களிடம் இது அதிகம். இந்தியாவில் காசநோயோடு முடிச்சுப்போடும் சந்தேகம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஆனால் காசநோய்க் கிருமிதான் காரணம் என்பது நிரூபணமாகவில்லை.

சித்த மருத்துவ மரபில் ஆணுக்கு வலக்கையிலும் பெண்ணுக்கு இடக்கையிலும் நாடி பார்ப்பது வழக்கம். வாதம், பித்தம், கபம் என்று மூன்று விரலுக்கும் மூன்று கணக்கு. அந்தக் கணக்கை இங்கே விவாதிக்கப் போவதில்லை. ஆனால் ஒரு தற்செயல் பொருத்தம் எனக்குச் சுவையாகப் படுகிறது. தகயாசு நோயாளிகளில் பெரும்பான்மையோர் பெண்கள். கைக்குப் போகும் கிளைகளில் அதிகம் பாதிக்கப்படுவது இடது பக்கத்துத் தமனி. ஆக, பழைய வைத்தியர் வழக்கப்படி பெண்ணின் இடக்கையைப் பிடித்திருந்தால், மூன்று விரலுக்கும் எதுவும் தட்டுப்பட்டிருக்காது. நாடி விழுந்தால் உயிர் போகப்போகிறது என்று நம்பும் ஊரில், எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு நாடி இல்லை என்றால் அவர் என்ன நினைத்திருப்பார் தெரியவில்லை.

இன்றைய மருத்துவமனையில் மணிக்கட்டைத் தொடுகிற வழக்கமே குறைந்துவிட்டது. விரலில் கிளிப் மாட்டினால் எண் வந்துவிடுகிறது. மேல்கையில் பட்டையைச் சுற்றினால் மெஷின் பிரஷரைச் சொல்லிவிடுகிறது. அந்தப் பட்டையைத்தான் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பட்டை அளப்பது அது சுற்றியிருக்கும் கையின் தமனியில் உள்ள அழுத்தத்தை. கைக்கு வரும் குழாயே குறுகியிருந்தால் அங்கே 90/60 காட்டும். அதே நேரத்தில் இதயத்தை ஒட்டிய பெருந்தமனியில் அழுத்தம் 180 இருக்கலாம். "உனக்கு லோ பிரஷரம்மா, உப்புப் போட்டு மோர் குடி" என்று சொல்லி அனுப்பினால், மிகை அழுத்தத்தோடு அவள் வீடு திரும்புகிறாள். இரண்டு கைக் குழாய்களும் குறுகிவிட்டவர்களிடம் தொடையிலோ கணுக்காலிலோ அளந்தால்தான் உண்மை தெரியும். சாதாரணமாகக் கால் அழுத்தம் கையைவிடச் சற்று அதிகமாக இருக்கும். காலில் குறைவாக இருந்தால் அடைப்பு கைக்கான கிளைகளைத் தாண்டிக் கீழே எங்கோ இருக்கிறது என்று பொருள். இரண்டு கைக்கும் 10 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வருவதை அமெரிக்க மூட்டுவாதவியல் கல்லூரி 1990இல் வகுத்த ஆறு அளவுகோல்களில் ஒன்றாகவே வைத்தது.

பட்டையைக் கழற்றிய பிறகு இன்னும் ஒரு நிமிட வேலை இருக்கிறது. ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தின் இரு பக்கமும், காறை எலும்புக்கு மேலும், தொப்புளைச் சுற்றியும் வைத்துக் கேட்க வேண்டும். சரளமாக ஓடும் இரத்தத்துக்குச் சத்தம் கிடையாது. குறுகிய இடத்தில் பீறிட்டுப் போகும்போது 'உஸ்'ஸென்று ஒலி எழும். இந்தச் சோதனைக்கு மின்சாரம்கூடத் தேவையில்லை. போடி அரசு மருத்துவமனையில் செய்யலாம், தோட்டத்து மருந்தகத்தில் செய்யலாம், ஜீப் நிற்கும் டீக்கடை பெஞ்சிலும் செய்யலாம்.

நோய்க்குப் பெயர் தந்தவர் இரத்தக் குழாய் நிபுணர் அல்ல, கண் மருத்துவர். 1908இல் ஜப்பானியக் கண் மருத்துவச் சங்கக் கூட்டத்தில் கனசாவாவைச் சேர்ந்த மிகிதோ தகயாசு ஓர் இளம்பெண்ணின் விழித்திரையைப் பற்றிப் பேசினார். பார்வை நரம்பைச் சுற்றி இரத்தக் குழாய்கள் மாலை கட்டியதுபோலப் பின்னிக்கிடந்தன என்றார். அதே கூட்டத்தில் ஓனிஷி, ககோஷிமா என்ற இருவர் எழுந்து, தங்களிடமும் அப்படிப்பட்ட நோயாளிகள் உண்டு, அவர்கள் கையில் நாடி கிடைக்கவில்லை என்றார்கள். கழுத்துக் குழாய் அடைபட்டு இரத்தம் போதாமல் தவித்த கண், மாற்று வழி தேடிக் குழாய்களை வளர்த்திருக்கிறது. நோயின் கடைசிக் கட்டம் அது. இன்று அந்தக் கட்டம்வரை போனவரைப் பார்ப்பது அரிது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

நம் நாட்டில் இந்நோயின் முகம் கொஞ்சம் வேறு. ஜப்பானில் பெருந்தமனியின் வளைவும் கழுத்துக் கிளைகளும் அதிகம் பாதிக்கப்பட, இந்தியாவில் வயிற்றுப் பெருந்தமனியும் சிறுநீரகத் தமனிகளும் அடிக்கடி மாட்டிக்கொள்கின்றன. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் பி.கே. சென், 1968இல் இந்தியாவின் முதல் இதய மாற்று அறுவைச் சிகிச்சையைச் செய்தவர், அதற்கு ஐந்தாண்டு முன்பே பெருந்தமனியின் நடுப்பகுதி குறுகிவிடும் இளம் நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார். சிறுநீரகத்துக்குப் போகும் குழாய் குறுகினால், உடம்பில் இரத்தமே குறைந்துவிட்டதாகச் சிறுநீரகம் தப்புக்கணக்குப் போட்டு ரெனின் என்ற நொதியைச் சுரக்கிறது, அழுத்தம் ஏறுகிறது. அதனால் நம் ஊரில் தகயாசு பெரும்பாலும் 'சின்ன வயசிலேயே பிரஷர்' என்ற உருவத்தில் வருகிறது. முப்பது வயதுக்குள் உயர் இரத்த அழுத்தம் என்றால் மாத்திரை எழுதுவதோடு காரணத்தையும் தேட வேண்டும். அந்த மாத்திரையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டு சிறுநீரகத் தமனிகளும் குறுகியவருக்கு எனலாப்ரில் போன்ற மருந்தைக் கொடுத்தால் அழுத்தம் அழகாக இறங்கும், கூடவே சிறுநீரகம் வேலைநிறுத்தம் செய்யும். மருந்து தொடங்கி ஓரிரு வாரத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்க்க வேண்டியது இதற்காகத்தான்.

போடிக்கு மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்து மருத்துவர்கள் 88 தகயாசு நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1989இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நோய் தொடங்கிப் பத்தாண்டுக்குப் பிறகு உயிரோடிருந்தோர் 84 சதவீதம். இன்றைய மருந்துகள் பல அப்போது கிடையாது. கெட்ட விளைவை முன்னறிவித்தவற்றில் கடும் இரத்த அழுத்தமும் இதயப் பாதிப்பும் முக்கியமானவை. இந்த ஆய்வை நான் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவதற்குக் காரணம், இந்நோயில் பாதி பிரச்சினை சாதாரணப் பிரஷர் பிரச்சினை என்பதுதான்.

பெருங்குழாய் அழற்சியில் இன்னொரு வகையும் உண்டு. பேரணுத் தமனி அழற்சி என்பார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நெற்றிப்பொட்டுத் தமனி வீங்கி, கடும் தலைவலியோடு வந்து பார்வையைப் பறிக்கும். ஸ்காண்டிநேவிய நாடுகளில் அதிகம், இந்தியரிடம் அரிது. அதை இங்கே விட்டுவிடலாம்.

நாடியிலும் பட்டையிலும் சந்தேகம் எழுந்துவிட்டது. அடுத்து? கழுத்துத் தமனியை டாப்ளர் ஸ்கேனில் பார்த்தால் சுவர் சுற்றிலும் ஒரே சீராகத் தடித்திருக்கும். கொழுப்புப் படிவு இப்படிச் சீராக இருக்காது, ஒருபக்கமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். முழுப் பெருந்தமனியையும் பார்க்க சி.டி. ஆஞ்சியோ அல்லது எம்.ஆர். ஆஞ்சியோ. முன்னதில் கதிர்வீச்சும் அயோடின் மருந்தும் உண்டு. இளம்பெண்ணுக்கு ஆயுள் முழுவதும் திரும்பத் திரும்ப எடுக்கப்போகிற சோதனை என்பதால் முடிந்தவரை எம்.ஆர். நல்லது. 2022இல் வந்த புதிய வகைப்பாட்டு அளவுகோல் படம் இல்லாமல் தகயாசு என்று சொல்லவே அனுமதிப்பதில்லை. நோயறிதலின்போது வயது 60க்குள் இருக்க வேண்டும், பெருந்தமனியிலோ கிளைகளிலோ அழற்சி படத்தில் தெரிய வேண்டும். இந்த இரண்டும் இருந்தால்தான் மற்ற மதிப்பெண்களைக் கூட்டவே ஆரம்பிக்கலாம்.

நோயைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினமான கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. அழற்சி இப்போதும் நடந்துகொண்டிருக்கிறதா, இல்லை முடிந்துபோய்த் தழும்பு மட்டும் மிச்சமா? படத்தில் குறுகல் இரண்டிலும் ஒன்றுபோலத்தான் தெரியும். முதலாவதற்கு மருந்து வேண்டும். இரண்டாவதற்கு மருந்து வீண், பக்கவிளைவு மட்டும் மிச்சம்.

ஈ.எஸ்.ஆர். இதைச் சொல்லும் என்று நம்புகிறோம். நிமிர்த்திவைத்த குழாயில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகின்றன என்பதுதான் அந்தச் சோதனை. உடம்பில் அழற்சி இருந்தால் வேகமாக இறங்கும். ஆனால் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் 60 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 1994இல் வெளியான ஆய்வில், நோய் தீவிரமாக இருந்தவர்களில் 72 சதவீதத்தினருக்கே ஈ.எஸ்.ஆர். உயர்ந்திருந்தது. இன்னும் சங்கடமான செய்தி வேறு. நோய் அடங்கிவிட்டதென்று நம்பி மாற்றுவழி அறுவை செய்தபோது எடுத்த ஒன்பது திசுத் துண்டுகளில் நான்கில் அழற்சி உயிரோடிருந்தது. நம் ஊரில் இதோடு இரத்தசோகையும் சேர்ந்துகொள்கிறது. சோகை உள்ளவருக்கு வேறெந்த நோயும் இல்லாமலே ஈ.எஸ்.ஆர். ஏறும். தோட்டவேலைக்குப் போகும் பெண்ணின் ரிப்போர்ட்டில் 50 என்று இருந்தால், அதைப் படிப்பதற்கு முன் பக்கத்து வரியில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

பெட் ஸ்கேன் ஓரளவு உதவும். கதிரியக்கப் புளோரின் ஒட்டிய சர்க்கரையை ஊசியில் செலுத்தினால், அழற்சி நடக்கும் சுவர் அதை ஆவலாக இழுத்துக்கொண்டு படத்தில் ஒளிரும். அந்தப் புளோரினின் அரை ஆயுள் 110 நிமிடம்தான். அதனால் இந்தச் சோதனை பெருநகரங்களோடு நின்றுவிடுகிறது, செலவும் அதிகம்.

இந்த இடத்தில்தான் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பெயர் உலக மருத்துவ இதழ்களில் வருகிறது. அங்கே மூட்டுவாதவியல் துறையின் தேபாஷிஷ் தாண்டா, லக்னோவின் ராம்நாத் மிஸ்ரா, பர்மிங்காமின் பால் பேக்கன் முதலியோர் சேர்ந்து ஒரு மதிப்பெண் அட்டையை உருவாக்கினார்கள். ஐடாஸ் 2010 என்று பெயர், 2013இல் வெளியானது. மொத்தம் 44 கேள்விகள், அவற்றில் 33 இதயமும் இரத்தக் குழாயும் சார்ந்தவை. புதிதாக நாடி மறைந்ததா, புதிதாக உஸ் ஒலி கேட்கிறதா, கழுத்துத் தமனியைத் தொட்டால் வலிக்கிறதா, கை ஓய்கிறதா என்று கேட்டுக்கொண்டே போகும். முக்கியமான ஏழுக்கு இரண்டு மதிப்பெண், மற்றவற்றுக்கு ஒன்று. கடந்த மூன்று மாதத்தில் புதிதாக வந்ததை அல்லது மோசமானதை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதே இதன் உயிர்நாடி. பழைய தழும்புக்கு மதிப்பெண் இல்லை. ஈ.எஸ்.ஆர்., அதேபோல் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற இரத்தச் சோதனை ஆகியவை கிடைத்தால் சேர்த்துக்கொள்ள ஐடாஸ்-ஏ என்று தனியாக ஒரு வடிவம். விலையுயர்ந்த கருவிகளை வைத்திருக்கும் பெரிய மருத்துவமனையிலிருந்து, விரலும் காதும் கேள்வியும் போதும் என்கிற அட்டை வந்தது; அதை இன்று உலகின் பல நாட்டு ஆய்வுகள் பயன்படுத்துகின்றன. தமிழ்நாட்டு மருத்துவத்தின் சாதனைப் பட்டியலில் இதை யாரும் சேர்ப்பதில்லை, எனக்கு அது குறையாகவே படுகிறது.

சிகிச்சை ஸ்டீராய்டில் தொடங்குகிறது. ப்ரெட்னிசொலோன், எடை கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் வீதம். பிறகு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். காய்ச்சலும் சோர்வும் சில நாட்களிலேயே ஓடிவிடும், அதனால் நோயாளிக்கு மருந்தின் மேல் பெரும் நம்பிக்கை வரும். சில வாரத்தில் முகம் வட்டமாக ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியத் தொடங்கும்; அந்த நம்பிக்கை அதே வேகத்தில் போய்விடும். மேலும், ஸ்டீராய்டைக் குறைக்கும்போது நோய் திரும்புவது சகஜம். அதனால் தொடக்கத்திலேயே மெதோட்ரெக்ஸேட், அசதயோப்ரின், மைக்கோஃபினோலேட் ஆகியவற்றில் ஒன்றைச் சேர்ப்பது இன்றைய முறை. வேலூரில் 2010இல் மைக்கோஃபினோலேட்டைப் பற்றியும், 2018இல் கூட்டு மருந்து எடுத்த 251 நோயாளிகளின் நீண்டகால நிலையைப் பற்றியும் ஆய்வுகள் வெளியாகின. அரிய நோயில் 251 பேர் என்பது பெரிய எண்ணிக்கை.

ஒப்பிட்டுப் பாருங்கள். இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் புரதத்தின் மரபணுவை 1986இல் அடையாளம் கண்டது ஒசாகாவில் ததமித்சு கிஷிமோதோவின் குழு. அந்தப் புரதத்தின் வேலையைத் தடுக்கும் டோசிலிசுமாப் ஊசியைத் தகயாசு நோய்க்குச் சோதித்த ஜப்பானிய ஆய்வில் இருந்தவர்கள் 36 பேர். ஊசி போட்டவர்களிடம் நோய் திரும்புவது தள்ளிப்போனது. ஆனால் புள்ளியியல் வரம்பை மயிரிழையில் தவறவிட்டது. ஜப்பான் 2017இல் அனுமதித்துவிட்டது. நானாக இருந்தாலும் அனுமதித்திருப்பேன். நோயாளிகள் இவ்வளவு குறைவாக உள்ள நோயில் வரம்பைக் கட்டிக்கொண்டு அழ முடியாது. நம் நாட்டில் இந்த ஊசிக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற மற்ற அழற்சித் தடுப்பு மருந்துகளுக்கும் முன்னால் ஒரு நிபந்தனை: உடம்பில் காசநோய் உறங்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். எழுப்பிவிட்டால் தகயாசுவைவிட அது முந்திக்கொள்ளும். டோசிலிசுமாப் எடுப்பவரின் சி.ஆர்.பி.யையும் நம்பக்கூடாது. கல்லீரல் சி.ஆர்.பி. தயாரிப்பதே இன்டர்லூக்கின்-6 சொல்லித்தான். அந்த வாயை மூடிவிட்ட பிறகு, நோய் இருந்தாலும் எண் சாதுவாகவே இருக்கும்.

குறுகிய இடத்தைப் பலூனால் விரிக்கலாம், ஸ்டென்ட் வைக்கலாம், மாற்றுக் குழாய் போடலாம். சிறுநீரகத் தமனியை விரித்த பிறகு நாலு மாத்திரை ஒன்றாகக் குறைந்த நோயாளிகள் உண்டு. ஆனால் அழற்சி அடங்குவதற்கு முன் கைவைத்தால் விரித்த இடமே மறுபடி மூடிக்கொள்ளும். உயிருக்கோ உறுப்புக்கோ உடனடி ஆபத்து இல்லாதவரை முதலில் மருந்து, பிறகுதான் பலூன். இதில் அவசரப்படுபவர் பெரும்பாலும் மருத்துவர் அல்ல, "அடைப்பு இருக்குன்னு சொல்றீங்க, எடுத்து விட்டுருங்க சார்" என்று கேட்கும் குடும்பத்தார்.

கல்யாணம், குழந்தை பற்றிய கேள்வியும் கூடவே வரும். இந்நோய் உள்ள பெண்கள் கர்ப்பம் தரிக்கலாம், பிள்ளை பெற்றும் இருக்கிறார்கள். நோய் அடங்கியிருக்க வேண்டும், உண்மையான பிரஷர் எந்தக் கையில் அல்லது காலில் தெரியும் என்பது பிரசவம் பார்க்கும் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மெதோட்ரெக்ஸேட்டும் மைக்கோஃபினோலேட்டும் கருவைக் கெடுக்கும். மாதக்கணக்கில் முன்கூட்டித் திட்டமிட்டு அவற்றை நிறுத்தி அசதயோப்ரினுக்கு மாற்றுவார்கள். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைத்து, பிறகு மாத்திரையையும் மறைத்து, கடைசியில் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் உண்மையான ஆபத்து.

போடியிலிருந்து தேனி அரசு மருத்துவக் கல்லூரி பக்கம்தான். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு இரண்டு மணி நேரப் பயணம். அகலப்பாதைப் பணிக்காகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ரயில் இல்லாமல் கிடந்த ஊருக்கு 2023 ஜூன் 15 முதல் மறுபடி ரயில் வருகிறது. சென்னை சென்ட்ரல் போகும் ரயில் காட்பாடியில் நிற்கும். வேலூருக்கு இறங்க வேண்டிய இடம் அதுதான். போகிறவர்கள் பழைய ஸ்கேன் படங்களையும் ரிப்போர்ட்டுகளையும் ஒன்று விடாமல் எடுத்துப் போங்கள். சென்ற ஆண்டுப் படத்தோடு ஒப்பிட்டால்தான் குறுகல் புதிதா பழையதா என்று தெரியும். ஸ்டீராய்டு தீர்ந்துவிட்டது, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று திடீரென நிறுத்தாதீர்கள். மாதக்கணக்கில் மாத்திரை உண்ட உடம்பில் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும், பிரஷர் விழுந்து மயங்கிவிட நேரும். மெதோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே நாள் போட வேண்டிய மருந்து. எந்தக் கிழமை என்று அட்டையின் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள். தினமும் போட்டால் இரத்த அணுக்கள் சரிந்து உயிரே போகலாம்.